ஃபிட்ஸ்ராயில் ஞாயிறு காலை: முட்டை தொடாத அம்மா, ஃபில்டர் காபி அப்பா, எந்தக் கஃபே?

கேள்வி இதுதான். திருச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பக்கம் பிரன்ச்சுக்கு (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாட்டுக்கு) கூட்டிப்போக வேண்டும். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைக் காபி சரியில்லை என்றால் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கூடவே நீங்கள் இருவர், நான்கு வயதுக் குழந்தை. "அந்த ஏரியாவில் பெஸ்ட் கஃபே எது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வதில் தப்பே இல்லை. அவர்கள் சொல்வதெல்லாம் அவரவர்க்குப் பெஸ்ட். உங்களுக்குத் தேவை, இந்த ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருக்க ஓர் இடம். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

மெல்பர்னின் இந்த உள்நகரப் பகுதிக் கஃபேக்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் பாத்திரம் கழுவினேன், பிறகு அடுப்பில் நின்றேன், அதன்பின் காபி மெஷினுக்கு வந்தேன். அதில் தெரிந்துகொண்டதில் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிட்ஸ்ராய், காலிங்வுட் கஃபேக்களில் பெரும்பாலானவை ஒன்று காபியை முதலில் வைத்து நடப்பவை, அல்லது சமையலறையை முதலில் வைத்து நடப்பவை. காபிக்காரர்கள் நடத்தும் கடையில் சாப்பாடு துணைக்கு இருக்கும். சமையல்காரர் தொடங்கிய கடையில் காபி குறை சொல்ல முடியாதபடி இருக்கும், ஆனால் அதற்காக யாரும் டிராம் ஏறி வரமாட்டார்கள். இரண்டையும் ஒரே கடையிடம் எதிர்பார்ப்பதால்தான் பாதிப் பேர் "ஓவர் ஹைப்" என்று ரிவ்யூ எழுதுகிறார்கள். காபிக்கு ஓர் இடம், சாப்பாட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட நடைதான்.

இடம் புரிய இரண்டு வரி. ஃபிட்ஸ்ராயில் கஃபேக்கள் நெருக்கமாக இருப்பது பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட், கெர்ட்ரூட் ஸ்ட்ரீட், ஸ்மித் ஸ்ட்ரீட் ஆகிய மூன்று தெருக்களிலும் அவற்றின் சந்துகளிலும். ஸ்மித் ஸ்ட்ரீட்தான் எல்லை: மேற்கே ஃபிட்ஸ்ராய், கிழக்கே காலிங்வுட். 2021இல் டைம் அவுட் பத்திரிகை உலகத் தெருக்களின் பட்டியலில் முதலிடம் கொடுத்ததும் இந்த ஸ்மித் ஸ்ட்ரீட்டுக்குத்தான். நகர மையத்தில் போர்க் ஸ்ட்ரீட்டில் 86ஆம் எண் டிராம் ஏறினால் கெர்ட்ரூட் ஸ்ட்ரீட் வழியாக ஸ்மித் ஸ்ட்ரீட்டுக்கு வரும். காலின்ஸ் ஸ்ட்ரீட்டில் 11 ஏறினால் பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட். நகர மையத்துக்குள் டிராம் இலவசம், ஆனால் அந்த எல்லை இதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, அதனால் பெரியவர்களுக்கும் மைக்கி என்ற பயண அட்டை எடுத்து வையுங்கள்.

முதலில் அப்பாவின் காபி. இங்கே வருகிற நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இரண்டு குறை சொல்வார்கள்: "புளிக்குது", "சூடே இல்லை". இரண்டும் உண்மைதான், இரண்டுக்கும் காரணம் உண்டு. நம் ஃபில்டர் காபிக் கொட்டை நன்றாகக் கறுக்க வறுத்தது, அதில் சிக்கரியும் சேரும். இங்கே பெயர்பெற்ற கடைகள் இளவறுவலாக வறுப்பார்கள். காபிப் பழத்தின் அமிலங்கள் கருகாமல் கொட்டையிலேயே தங்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். எத்தியோப்பியக் கொட்டையை அப்படி வறுத்தால் எலுமிச்சையும் பெர்ரிப் பழமும் கலந்த ருசி வரும். பழகியவர்களுக்கு அது அமிர்தம். அப்பாவுக்கு முதல் வாயிலேயே முகம் சுளிக்கும்.

சூடு வேறு கதை. பாலை நுரைக்கும்போது ஜக்கின் அடியில் உள்ளங்கையை வைத்திருப்போம். கை தாங்காத சூடு வந்த உடனே நீராவியை நிறுத்திவிடுவோம். அது ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி. அந்தச் சூட்டில்தான் பாலின் இனிப்பு நாக்குக்குத் தூக்கலாகத் தெரியும், நுரையும் பெயின்ட் மாதிரி வழவழவென்று நிற்கும். 70ஐத் தாண்டினால் காய்ச்சின பால் வாசனை வந்துவிடும். அந்த வாசனைதான் நம் வீட்டுக் காபியின் உயிரே! எனவே தயங்காமல் "எக்ஸ்ட்ரா ஹாட்" என்று சொல்லுங்கள். எந்த நல்ல பரிஸ்டாவும் (காபி போடுபவர்) அதற்காகக் கோபிக்க மாட்டார். நாங்கள் தினமும் கேட்கிற வார்த்தை அது.

எதை வாங்கித் தருவது? லாட்டே வேண்டாம், அதில் பால் அதிகம். "மேஜிக்" கேளுங்கள். இது மெல்பர்னுக்கே உரியது. இந்த ஊரைத் தாண்டினால் பலருக்குத் தெரியாது. இரட்டை ரிஸ்ட்ரெட்டோவைச் சின்னக் கோப்பையில் இறக்கி, முக்கால் கோப்பை வரை மட்டும் பால் ஊற்றுவார்கள். சாதாரண எஸ்பிரஸோவில் சுமார் 20 கிராம் தூளிலிருந்து 40 கிராம் அளவுக்கு டிகாக்‌ஷன் 25, 30 வினாடியில் இறங்கும். ரிஸ்ட்ரெட்டோவில் அதே தூள்தான், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிடுவோம். கெட்டியாகவும் கசப்புக் குறைவாகவும் இருக்கும். டிகாக்‌ஷனும் பாலும் சேர்கிற விகிதத்தில் நம் டபரா காபிக்கு இங்கே இதைவிடக் கிட்டே வருவது எதுவும் இல்லை. "ஹவுஸ் பிளெண்ட்" போடச் சொல்லுங்கள், ஒரே இடத்துக் கொட்டையான "சிங்கிள் ஆரிஜின்" வேண்டாம். பாலோடு சேரத்தான் ஹவுஸ் பிளெண்டைத் தயாரிப்பார்கள், அதில் புளிப்பு அடங்கியிருக்கும். சர்க்கரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அம்மா டீ குடிப்பவர் என்றால் "சாய் லாட்டே" என்று பொதுவாகக் கேட்டுவிடாதீர்கள். பல இடங்களில் சிரப்போ பொடியோ கலந்த பாலைக் கொடுத்துவிடுவார்கள். "ஸ்டிக்கி சாய் இருக்கிறதா" என்று கேளுங்கள். தேயிலையையும் ஏலம், பட்டை, இஞ்சி போன்றவற்றையும் தேனில் ஊறவைத்து, பிறகு பாலில் கொதிக்கவைத்துத் தருவது அது. நம் மசாலா டீயைவிட இனிப்பு, ஆனால் டீ என்று நம்பிக் குடிக்கலாம். பசும்பால் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். சோயாவும் ஓட்ஸ் பாலும் இங்கே அவ்வளவு சகஜம்.

இனி அம்மாவின் தட்டு. உங்கள் கேள்வியில் கவனமாகப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான். மெல்பர்னில் "வெஜிடேரியன்" என்றால் முட்டை உண்டு. மெனுவில் 'வி' எழுத்துப் போட்டிருந்தால் முட்டை இல்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலான பிரன்ச் தட்டுகளின் நடுவிலேயே இரண்டு போச்டு முட்டை உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிடச் சொல்வது எளிது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவைதான் சிக்கல். ஹாலண்டேஸ் சாஸ் முழுக்க முட்டை மஞ்சள்கருவும் வெண்ணெயும். அயோலி, மயோ இரண்டும் அப்படியே. பிரியோஷ் ரொட்டி மாவிலேயே முட்டை. ஹாட்கேக், வாஃபிள், சோளக் கேக் எல்லாவற்றிலும் உண்டு. சாவர்டோ ரொட்டி மட்டும் பயமில்லாமல் சாப்பிடலாம்: மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான்.

பாலாடைக்கட்டியிலும் பார்க்க வேண்டும். அசல் பார்மசான், பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இல்லாமல் செய்யப்படுவதில்லை; பெஸ்டோவில் பெரும்பாலும் அதுதான் சேரும். ஃபெட்டா, செடார் போன்றவற்றுக்கு இங்கே பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னெட்தான், ஆனாலும் கேட்டு உறுதி செய்யுங்கள். கிம்ச்சியில் மீன் சாஸ், மிஸோ சூப்பில் மீன் சாறு, ஹாஷ் பிரவுன் பொரிக்கும் எண்ணெயில் கோழி பொரித்த மிச்சம் என இன்னும் மூன்று இடம். கடைசியாக கிரில். காளானும் தக்காளியும், பேக்கன் (பன்றி இறைச்சி) வாட்டும் அதே இரும்புத் தகட்டில்தான் வாட்டப்படும். நெரிசல் நேரத்தில் ஆர்டர் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும்போது எந்தச் சமையல்காரரும் உங்களுக்காகத் தகட்டைச் சுரண்டிக் கழுவ முடியாது. சுத்தமான தனி பேனில் வாட்டித் தரக் கேட்டால் காலை எட்டரைக்குச் செய்து தருவார்கள், பதினொன்றரைக்கு "சாரி" என்பார்கள். இரண்டு பக்கமும் நின்றவனாகச் சொல்கிறேன், அதில் அலட்சியம் எதுவும் இல்லை, நேரம்தான் இல்லை.

ஆக அம்மாவுக்குக் கைகொடுக்கும் தட்டு, எல்லோரும் பேசித் தீர்த்த அந்த ஸ்மாஷ்டு அவகாடோதான். 1993இல் சிட்னியின் டார்லிங்ஹர்ஸ்டில் பில் கிரேஞ்சர் தன் கடையில் அவகாடோ டோஸ்ட்டை மெனுவில் வைத்தார். இன்று அது இல்லாத கஃபே இந்த நாட்டில் அபூர்வம். சாவர்டோ மேல் மசித்த அவகாடோ, எலுமிச்சை, ஃபெட்டா, சில கடைகளில் டுக்கா பொடி. முட்டை தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கிற கடைகள் பல. அங்கே அம்மாவுக்கு எதையும் எடுக்கச் சொல்லவும் வேண்டாம். மிளகாய் எண்ணெய் இருந்தால் கேட்டுச் சேருங்கள், அம்மாவுக்குப் பிடித்துப்போகும். டுக்காவில் பருப்புக் கொட்டைகள் உண்டு. குழந்தைக்கு அலர்ஜி இருந்தால் ஆர்டர் சொல்லும்போதே முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

இப்போது பெயர்கள். ஐந்து பேர், பெரியவர்கள், குழந்தை, ஒரே இடம் போதும் என்றால் என் முதல் தேர்வு வெஸ்ட்கார்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் இண்டஸ்ட்ரி பீன்ஸ். காபி வறுப்பவர்களின் கடைதான், ஆனால் சமையலறையையும் சமமாக மதிக்கிறவர்கள். இடமும் தாராளம், ஸ்ட்ரோலரைச் சந்தில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன பிரிவினைக்கு விதிவிலக்காக நிற்கும் இன்னொரு கடை காலிங்வுட் ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்டில் 2009இலிருந்து நடக்கும் ப்ரவுட் மேரி. இந்த ஊர்க் காபி இன்று இருக்கும் நிலைக்கு அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டிலும் ஆஸ்டினிலும்கூடக் கடை திறந்திருக்கிறார்கள். காபி மட்டுமே அளவுகோல் என்றால் என் ஓட்டு அவர்களுக்கே. ஆனால் ஞாயிறு பத்து மணிக்கு அங்கே ஐந்து பேருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அப்பாவை நிற்கவைத்துக் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

பழைய ஃபிட்ஸ்ராயைப் பார்க்க வேண்டும் என்றால் பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட்டில் மாரியோஸ். 1986இல் தொடங்கிய இத்தாலியக் கஃபே. அப்போது இது தொழிலாளர்களும் புலம்பெயர்ந்தவர்களும் மலிவு வாடகைக்கு வாழ்ந்த பகுதி. நாள் முழுக்கக் காலை உணவு என்ற வழக்கத்தை இந்தத் தெருவுக்குப் பழக்கிய கடைகளில் ஒன்று அது. வெள்ளை மேசை விரிப்பு, சட்டை டை போட்ட பரிமாறுபவர்கள், ஓசைப்படாமல் தட்டை வைத்துவிட்டுப் போகும் முறை. நம் ஊரில் பழைய ஹோட்டல்களில் மரியாதையாகப் பரிமாறப்பட்டுப் பழகிய பெரியவர்களுக்கு அங்கே மனசு ஒட்டிவிடும், இதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். காபியும் இத்தாலிய முறைக் கறுப்பு வறுவல் பக்கம் சாய்ந்தது, அப்பாவுக்குப் புளிக்காது. இந்த ஊருக்கு எஸ்பிரஸோ பரவியதே 1950களில், போருக்குப் பின் வந்த இத்தாலியர்கள் கையால்தான். போர்க் ஸ்ட்ரீட்டில் 1954இல் திறந்த பெல்லக்ரினிஸ் இன்றும் இருக்கிறது. 2008இல் ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவில் இருந்த 84 கடைகளில் 61ஐ மூடிவிட்டுப் போனதற்கு, தெருவுக்குத் தெரு இந்த மாதிரிக் கடைகள் ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம்.

ரோஸ் ஸ்ட்ரீட்டில் இருக்கும் லூன் பற்றியும் எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதை பிரன்ச் இடமாக நினைக்காதீர்கள். அது குரோசான் செய்யும் இடம். சாப்பிட உட்கார ஏற்ற இடம் இல்லை, வரிசையும் இருக்கும். ஆனாலும் உங்கள் அப்பாவை அங்கே கூட்டிப்போகச் சொல்வேன், காரணம் பொன்மலை. கேட் ரீட் என்பவர் வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் அணியில் காற்றியக்கப் பொறியாளராக இருந்துவிட்டு, பாரீஸில் பேக்கரி வேலை கற்று, 2012இல் எல்வுட்டில் சின்னதாகத் தொடங்கி, 2015இல் ஃபிட்ஸ்ராய் கோடவுனுக்கு மாறினார். கோடவுனின் நடுவில் வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. மாவுக்குள் வெண்ணெயை வைத்து, தேய்த்து, மடித்து, குளிரவைத்து, மறுபடி தேய்க்கும் வேலை முழுக்க அதற்குள் நடக்கும். வெளியே நின்று பார்க்கலாம். வெண்ணெய் கொஞ்சம் இளகினாலும் மாவோடு கலந்து அடுக்கு போய்விடும், ரொம்ப இறுகினால் உடைந்து மாவைக் கிழிக்கும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் வேலை. ஒரு குரோசான் முடிய மூன்று நாள். உலோக வேலை தெரிந்தவர் நின்று பார்ப்பார். அம்மாவுக்கு மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: குரோசான்களின் மேல் மினுமினுப்புக்குப் பொதுவாக முட்டை தடவித்தான் சுடுவார்கள்.

காலிங்வுட் கீல் ஸ்ட்ரீட்டில் சிபி இருக்கிறது. ஜப்பானியத் தம்பதி நடத்தும் பழைய கோடவுன். பாத்திரக் கடையும் கஃபேயும் ஒன்றாக. சோறு, மீன், முட்டை, மிஸோ என்று வரும் ஜப்பானியக் காலை உணவுக்குப் பெயர்போனது. எனக்கு மிகப் பிடித்த இடம், குழந்தைகளுக்கும் ஏற்றது. ஆனால் அம்மாவுக்கு அது சரிவராது, எனவே இன்னொரு நாள் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் அலிமென்டாரியில் சாலட், சாண்ட்விச் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் கண்முன்னே இருக்கும். விரல் நீட்டி "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்டு வாங்கலாம். மொழி தடுமாறும் பெரியவர்களுக்கு மெனு அட்டையைவிட அது ஆயிரம் மடங்கு வசதி. எதுவுமே ஒத்துவராமல் மதியம் ஆகிவிட்டால் அதே தெருவில் 1988 முதல் இருக்கும் வெஜி பார். சமையலறைக்குள் இறைச்சியே நுழையாத இடம் என்பதால் கிரில் பயம் கிடையாது. முட்டையை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

இதில் எதை நம்பலாம், எதை நீங்களே சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன். கடைகள் இருக்கும் இடம், அவற்றின் குணம், முட்டை, ரென்னெட் பற்றிய விவரம், இவை உறுதி. தட்டில் அன்று என்ன வரும் என்பதை என்னால் உறுதி சொல்ல முடியாது. இங்கே மெனு பருவத்துக்குப் பருவம் மாறும்; சமையல்காரர்களும் அடிக்கடி கடை மாறுவார்கள், அவர்களோடு கைப்பக்குவமும் போய்விடும். இரண்டு வருடம் பழைய ரிவ்யூவைப் படித்துவிட்டுப் போனால் வேறொரு சமையலறையைப் பற்றிப் படித்ததாகத்தான் ஆகும். கடந்த ஒரு மாதப் படங்களை மட்டும் பாருங்கள், அதிலும் தட்டுப் படங்களை. எது பெஸ்ட் என்ற வரிசை என் நாக்கு சொல்வது. வேறொரு பரிஸ்டாவைக் கேட்டால் மாரியோஸ் காபிக்கு உதடு பிதுக்கவும் கூடும்.

செலவுக்கும் தயாராக வாருங்கள். காபி ஐந்தாறு டாலர், ஒரு தட்டு இருபதிலிருந்து முப்பது வரை. ஞாயிறு என்றால் பல கடைகளில் பத்து சதவீதம் கூடுதல், பொது விடுமுறை என்றால் பதினைந்து. அன்று வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்கான பணம் அது. மெனுவின் அடியில் எழுதியிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. சனி, ஞாயிறைவிட ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட முடிந்தால் இந்தக் கூடுதலும் இல்லை, வரிசையும் இல்லை, அம்மாவுக்குத் தனி பேனும் கிடைக்கும். ஞாயிறுதான் என்றால் எட்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பத்திலிருந்து பன்னிரண்டரை வரை தெருவே வரிசையில் நிற்கும், மதியம் இரண்டரை, மூன்றுக்குப் பல சமையலறைகள் மூடிவிடும்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்: எட்டரைக்கு இண்டஸ்ட்ரி பீன்ஸில் சாப்பாடு, அங்கிருந்து ரோஸ் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து லூன் கண்ணாடி அறை. வார இறுதியில் அதே தெருவில் கைவினைச் சந்தையும் உண்டு. பிறகு பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட்டில் மெதுவாக இறங்கி மாரியோஸில் அப்பாவுக்கு இரண்டாவது காபி. கால் வலிக்கவில்லை என்றால் கார்ல்டன் கார்டன்ஸ் வரை போய் 1880இல் கட்டிய ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்கைப் பார்க்கலாம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கட்டடம், குழந்தை ஓடி விளையாடப் புல்வெளியும் உண்டு. முந்தின நாட்களில் ஒரு பிற்பகல் இரண்டு மணிவாக்கில் கடைக்குப் போன் போட்டு, ஐந்து பேர் வருகிறோம், ஒருவர் முட்டையும் சாப்பிடாத சைவம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் சமையலறையில் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும்.

டாக்ஸியிலோ ஊபரிலோ வருவதாக இருந்தால் இடப்பெயரில் கவனம். ஃபிட்ஸ்ராய் கார்டன்ஸ் ஃபிட்ஸ்ராயில் இல்லை, அது ஈஸ்ட் மெல்பர்னில் இருக்கிறது. பிரன்ஸ்விக் என்று மட்டும் போட்டால் வடக்கே உள்ள வேறொரு சபர்பில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். "பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட், ஃபிட்ஸ்ராய்" என்று முழுதாகப் போடுங்கள்.